தைக்காமல் ஒரு பாக்கெட் நோட்டு: பசை பைண்டிங், முதல் முறை செய்பவர்களுக்கு

நான் கட்டிய முதல் நோட்டு பதினோரு நாள் தாங்கியது. பன்னிரண்டாம் நாள் பேருந்தில் அதைத் திறந்தபோது பாதித் தாள் என் மடியிலும் மீதி பக்கத்து சீட்டுக்காரர் காலடியிலும் கிடந்தன. மிச்சத்தைப் பொறுக்கிக்கொண்டு போய், திருவல்லிக்கேணியில் பைண்டிங் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் காட்டினேன். முதுகில் கட்டியாக உறைந்திருந்த பசையை நகத்தால் நெம்பினார், மொத்தமும் ஒரே பட்டையாக உரிந்து வந்துவிட்டது. "என்ன தம்பி, தோசைக்கு மாவு ஊத்துற மாதிரி ஊத்தியிருக்கீங்க" என்றார்.

அவ்வளவு பசை போட்டும் ஏன் நிற்கவில்லை? தாள்களை அடுக்கி முதுகின் மேல் பூசினால் பசை ஒவ்வொரு தாளையும் அதன் ஓரத் தடிமனில்தான் பிடிக்கிறது. சாதாரண ஜெராக்ஸ் தாளின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். அந்த முடியளவு இடத்தில் ஒட்டியது எத்தனை நாள் தாங்கும்? தாளுக்கும் தாளுக்கும் நடுவே அரை மில்லிமீட்டராவது பசை இறங்க வேண்டும். அதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது, கீழே வருகிறது. இன்னொரு விஷயம் தாளின் இழையோட்டம், பைண்டிங் ஆட்கள் கிரெயின் என்பார்கள். இந்த இரண்டையும் சரியாகப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்தான்.

தையல் இல்லாமல் வெறும் பசையால் கட்டுவது புது யோசனையும் இல்லை. 1836இலேயே லண்டனில் வில்லியம் ஹான்காக் என்பவர் ரப்பர் கரைசலை முதுகில் பூசிக் கட்டும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பார்க்க அழகாக இருந்தது, ஆனால் வருடங்கள் போகப் போக ரப்பர் காய்ந்து பொடிந்து தாள்கள் உதிர்ந்தன. என் நோட்டின் கதைதான், கொஞ்சம் மெதுவாக. அப்புறம் 20ஆம் நூற்றாண்டில் ஜெர்மனிக்காரர் எமில் லும்பெக், சூடு காட்டத் தேவையில்லாத பசையை வைத்து, தாள்களை விசிறி போல இரண்டு பக்கமும் வளைத்துப் பூசும் முறையைக் கொண்டுவந்தார். நாம் வீட்டில் செய்யப்போவது அதைத்தான்.

எந்த அளவு?

முதல் நோட்டுக்கு ஏ6 எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது ஏ4 தாளில் கால்வாசி, 105க்கு 148 மில்லிமீட்டர். சட்டைப் பையில் போகும். எல்லோரும் முதலில் ஏ4 தாளைப் பாதியாக வெட்டி ஏ5 நோட்டுதான் கட்டுகிறார்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், அங்கேதான் இழையோட்டம் காலை வாரிவிடுகிறது.

மில்லில் கூழ் ஓடும் திசையிலேயே நார்கள் படுத்துக்கொள்கின்றன. ஈரம் பட்டால் நார் நீளவாக்கில் பெரிதாக நீளாது, குறுக்குவாக்கில்தான் உப்பும். அதனால் இழை முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பசை ஈரத்தில் தாள் முதுகின் நீளத்துக்கு உப்பப் பார்க்கும், இடம் இருக்காது, அப்பளம் பொரித்த மாதிரி அலை அலையாக நெளிந்துவிடும். காய்ந்த பிறகும் பக்கம் மடங்கி விழாமல் விறைத்துக்கொண்டு நிற்கும்.

கடையில் கிடைக்கும் ஏ4 தாளில் இழை பெரும்பாலும் 297 மில்லிமீட்டர் பக்கத்தோடு ஓடுகிறது. அதைப் பாதியாக வெட்டினால் ஏ5இன் நீளப் பக்கத்துக்கு இழை குறுக்கே விழுகிறது. நான்காக வெட்டினால் மறுபடி நீளப் பக்கத்தோடு சேர்ந்துவிடுகிறது. ஏ6 சொல்வதற்குக் காரணம் இதுதான். ஏ4 பாதிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் முதுகை நீளப் பக்கத்தில் வைக்காமல் மேலே குட்டைப் பக்கத்தில் வையுங்கள், கடைகளில் கொடுக்கிற பில் புத்தகம் போல மேலே புரட்டும் பேடாக அழகாகவே வரும்.

"பெரும்பாலும்" என்று சொன்னேன், சோதித்துப் பாருங்கள். தாளை மடிக்காமல் லேசாக ஒரு பக்கம் வளையுங்கள், அப்புறம் மறுபக்கம். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் உருண்டு கொடுக்கிறதோ, அந்தக் குழாயின் நீளவாக்குதான் இழை. சந்தேகம் இருந்தால் கிழித்துப் பாருங்கள், இழையோடு கிழித்தால் ஓரளவு நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாக ஓடும். அட்டைக்கும் இதே சோதனைதான். தெரிந்ததும் பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டு வையுங்கள், ஐந்து நிமிடத்தில் மறந்துவிடும்.

என்னென்ன வேண்டும்

ஏ4 தாள் 25. நான்காக வெட்டினால் 100 ஏடு, 200 பக்கம், முதுகு சுமார் ஒரு சென்டிமீட்டர் வரும். 75 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) போதும். டிஎன்பிஎல் தாள் எடுத்தால் அது கரூர் பக்கம் காகிதபுரத்தில், கரும்புச் சக்கையைக் கூழாக்கிச் செய்கிற ஆலையின் தாள். பளபளப்பான ஆர்ட் பேப்பரை இந்த வேலைக்குத் தொடவே தொடாதீர்கள், மேல்பூச்சு மட்டும் பசையோடு உரிந்து வந்துவிடும். இது போக 100 அல்லது 120 ஜிஎஸ்எம்மில் ஏ6 அளவுக்கு இரண்டு தாள், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று, அட்டையின் இழுப்பைத் தாங்க.

அட்டைக்கு 250 ஜிஎஸ்எம் ஐவரி போர்டு, பெரிய தாளாக. ஏ4 அட்டை போதுமே என்று நினைப்பீர்கள். முன்பக்கம் 105, முதுகு 10, பின்பக்கம் 105, கூட்டினால் 220. இழை முதுகோடு ஓடும்படி வைத்தால் ஏ4இன் அகலம் 210தான், வெறும் பத்து மில்லிமீட்டரில் கவிழ்த்துவிடும். இது தெரியாமல் நான் ஒரு பாக்கெட் அட்டை வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் விலைச்சீட்டு எழுதத்தான் பயன்படுகிறது.

பசை வெள்ளை நிறத்தில் தண்ணீரில் கரையும் வகை, ஃபெவிகால் மாதிரி. கோந்து வேண்டாம், காய்ந்தால் உடையும். மைதா பசை பழைய பைண்டர்களின் பசை, பூச்சி வரக்கூடாது என்று அதில் மயில்துத்தம் கலப்பார்கள். அட்டை ஒட்ட அது அருமையானது, ஆனால் தையல் இல்லாத முதுகைத் தாங்காது, போதாக்குறைக்கு ராமபாணப் பூச்சிக்கு விருந்து. வெள்ளைப் பசையிலும் எல்லாம் ஒன்றில்லை, மர வேலைக்கு வருவதில் சில காய்ந்ததும் விறைத்துப்போகும். சோதனை சுலபம். காலி பால் கவரில் ஒரு தீற்று தீற்றி இரவு முழுக்கக் காயவிட்டு, காலையில் உரித்து மடித்துப் பாருங்கள். ரப்பர் போல வளைந்தால் எடுத்துக்கொள்ளலாம், சொடுக்கென்று உடைந்தால் அதை நாற்காலி ஒட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

முதுகுக்கு மெல்லிய காடாத்துணி ஒரு துண்டு. பழைய வேட்டி இதைவிட நன்றாக இருக்கும், நன்றாகத் துவைத்துக் கஞ்சி போனதாக இருக்கட்டும். அப்புறம் ஸ்டீல் ஸ்கேல், கட்டர், புது பிளேடு, ஒரு அங்குலச் சப்பைப் பிரஷ், உப்புத்தாள் ஒரு துண்டு, நோட்டை விடச் சற்றுப் பெரிய பலகை இரண்டு, சி கிளாம்ப் இரண்டு, கழுவிக் காய்ந்த பால் கவர் நாலைந்து. பால் கவர் எதற்கென்றால் பசை பலகையில் பிடிக்காமல் இருக்க. கனத்துக்கு வீட்டில் சும்மா கிடக்கும் அம்மிக்குழவியோ இரண்டு செங்கலோ போதும்.

தாளும் அட்டையும் பேட்டைக் கடையில் சில்லறையாகவே கிடைக்கும். ஆனால் ஒரு முறையாவது பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போய் வாருங்கள். உயர் நீதிமன்ற மெட்ரோவில் இறங்கி என்.எஸ்.சி. போஸ் சாலையைக் கடந்தால் பக்கம்தான், தெரு முழுக்கக் காகிதமும் கல்யாணப் பத்திரிகை அட்டையும். அங்கேயே கோடவுன் தெருவில் துணி. ஞாயிற்றுக்கிழமை போய் மூடிய ஷட்டரைப் பார்த்துவிட்டு வராதீர்கள்.

வெட்டுதல்

இதில் வீரம் காட்ட வேண்டாம். கட்டிங் மெஷின் இருக்கிற பிரஸ்ஸிலோ பைண்டிங் கடையிலோ கொடுத்து, "அண்ணே, இதை நாலா கட் பண்ணிக் கொடுங்க" என்றால் ஒரே அழுத்தில் முடிந்தது. வீட்டிலேயே வெட்டுவதானால் ஒரு தடவைக்கு மூன்று நான்கு தாள் போதும், ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொண்டு லேசாக மூன்று நான்கு முறை இழுங்கள். ஒரே இழுப்பில் வெட்டப் பார்த்தால் அடித்தாள் நகரும், இல்லையென்றால் விரல். ஓரம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை, முதுகுப் பக்கம் மட்டும் நேராக இருக்கட்டும்.

அடுக்கிப் பிடித்தல்

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். சிரிக்காதீர்கள், நூறு ஏடு அறை முழுக்கப் பறந்ததைப் பார்த்தவன் சொல்கிறேன்.

கனத்த தாள் இரண்டையும் மேலும் கீழும் வைத்து, கட்டு முழுவதையும் தளர்வாகப் பிடித்து மேசையில் முதுகுப் பக்கத்தைத் தட்டுங்கள், அப்புறம் தலைப்பக்கம், மறுபடி முதுகு. சீட்டுக்கட்டை ஒழுங்குபடுத்துவது போலத்தான். இறுக்கிப் பிடித்துத் தட்டினால் தாள் இறங்காது. முதுகை விரலால் தடவினால் எந்த ஏடும் உள்ளே பதுங்கியிருக்கக் கூடாது, பதுங்கிய ஏடுதான் முதலில் கழன்று வரும்.

இரண்டு பலகைக்கு நடுவே அடுக்கிய தாள்களை வைத்து, முதுகுப் பக்கம் இரண்டு சென்டிமீட்டர் மேலே துருத்திக்கொண்டிருக்கும்படி கிளாம்பை முடுக்குங்கள். முதுகு வானம் பார்த்து நிற்க வேண்டும். உப்புத்தாளால் முதுகை நீளவாக்கில் நாலு இழுப்பு இழுத்து, தூசியைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். நார் சற்றுச் சிலிர்த்து நின்றால் பசை நன்றாகக் கவ்வும்.

பசை பூசுதல்

இதுதான் முழு வேலையும், அவசரப்படாமல் படியுங்கள். முதல் தடவை பசை இல்லாமல் ஒரு ஒத்திகை பார்த்துவிடுவது நல்லது.

துருத்தி நிற்கும் தாள்களை இடது உள்ளங்கையால் ஒரு பக்கமாகச் சாயுங்கள். சாய்த்ததும் முதுகு படிக்கட்டு போலச் சரியும், ஒவ்வொரு ஏட்டின் ஓரமும் ஒரு இழை அளவு வெளியே தெரியும். அந்தப் படிகளின் மேல் பசையைப் பூச வேண்டும், நடுவில் ஆரம்பித்து இரண்டு முனையை நோக்கி. முனையிலிருந்து உள்ளே இழுத்தால் பசை தலைப்பக்கத்தில் வழிந்து ஏடுகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். பிரஷ்ஷில் பசை குறைவாகவே இருக்கட்டும், கிண்ணத்தின் விளிம்பில் வழித்துவிட்டு எடுங்கள். பூசிய இடத்தில் தாளின் ஓரம் தெரிய வேண்டும், வெள்ளையாக மூடிக்கொண்டால் அது தோசை மாவு.

சாய்த்த கையை விடாமல் மெதுவாக நிமிர்த்தி, உடனே எதிர்ப்பக்கம் சாய்த்து அதே போலப் பூசுங்கள். இப்போது ஒவ்வொரு ஏட்டுக்கும் இரண்டு முகத்திலும் ஓரமாகப் பசை ஏறியிருக்கிறது. நிமிர்த்தி, முதுகின் மேல் நேராக ஒரு மெல்லிய பூச்சு. மூன்று பூச்சும் சேர்ந்து ஒரு நிமிடத்துக்குள் முடிந்தால் நல்லது, மே மாதக் கத்திரி வெயிலில் பசை பிரஷ்ஷிலேயே தோல் கட்டும். பசை கெட்டியாக இருந்தால் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கலாம். அதிகம் விட்டால் தாள் ஈரம் குடித்து நெளியும், அதனால் மோர்ப் பதத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், கெட்டித் தயிரை அடித்த பதம் போதும்.

ஈரம் இருக்கும்போதே பலகைகளைச் சற்றுத் தளர்த்தி, முதுகு ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியும் அளவுக்கு மேலே நகர்த்தி, பால் கவரை இடையில் செருகி மறுபடி இறுக்குங்கள். இந்த இறுக்கம்தான் பசையை ஏடுகளுக்கு நடுவே அழுத்துகிறது. பிதுங்கி வரும் பசையை விரலால் வழித்துவிட்டு ஒரு மணி நேரம் தொடாதீர்கள்.

நூல், துணி

நூல் கட்டாயமில்லை, ஆனால் பையில் போட்டு அலைக்கழிக்கிற நோட்டு என்றால் நான் விடுவதில்லை. ஹாக்ஸா பிளேடால் முதுகில் குறுக்காக நாலைந்து கீறல், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான், ஒன்று விட்டு ஒன்று எதிர்ச்சாய்வாக. பருத்தி நூலைப் பசையில் நனைத்துக் கீறலுக்குள் அழுத்தி, நீட்டி நிற்பதை வெட்டிவிடுங்கள். இரண்டு மில்லிமீட்டர் ஆழம் போய்விட்டால் நோட்டைத் திறக்கும்போது உள்ளே ஓட்டை தெரியும், கவனம்.

காடாத்துணியை முதுகின் உயரத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைவாகவும், அகலத்தில் முதுகு போக இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகவும் வெட்டிக்கொள்ளுங்கள். அதாவது சுமார் 145க்கு 30. துணியின் பாவு நூல், அதாவது நெசவில் நீளவாக்கில் ஓடும் நூல், முதுகோடு ஓடட்டும். முதுகில் மெல்லிய பூச்சு, அதன் மேல் துணி, ஸ்பூன் காம்பால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள், பசை துணிக்கண் வழியே மேலே தெரியும் வரை. கிளாம்பிலிருந்து எடுத்து, இரு பக்கச் சிறகையும் முதல் ஏட்டிலும் கடைசி ஏட்டிலும் மடித்து ஒட்டி, பால் கவர் சுற்றிக் குழவியை மேலே வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

தண்ணீர் வெளியேறினால்தான் இந்தப் பசை இறுகும். சென்னையில் கோடையிலேயே காற்று ஈரமாக இருக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம், ஒரு இரவுக்குப் பதில் இரண்டு இரவு விடுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று மொட்டை மாடி வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், ஒரு பக்கம் காய்ந்து ஒரு பக்கம் காயாமல் நோட்டே வில்லாக வளையும். ஃபேன் காற்று போதும். இப்போது போட்டுக்கொள்ளலாம்.

அட்டை

முதுகு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்குப் போட்டதை நம்பாதீர்கள், பசையும் துணியும் சேர்ந்து கொஞ்சம் தடித்திருக்கும். ஒரு காகிதப் பட்டையை முதுகின் மேல் வைத்து இரண்டு ஓரத்தையும் நகத்தால் மடித்துக் குறியுங்கள், அதுதான் உண்மையான அகலம்.

அட்டையை எல்லாப் பக்கமும் மூன்று நான்கு மில்லிமீட்டர் பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள், கடைசியில் சேர்த்து வெட்டிவிடலாம். நடுவில் முதுகின் அகலத்துக்கு இரண்டு கோடு, அவற்றிலிருந்து ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் தள்ளி இன்னும் இரண்டு கோடு. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்கேல் ஓரமாக அழுத்தி இழுத்தால் அழகான பள்ளம் விழும், அந்த வழியில் மடியுங்கள். உள்பக்கம் முதுகுக்கும், இருபக்க ஒரு சென்டிமீட்டர் பட்டைக்கும் மட்டும் பசை. அதற்கு மேல் ஒரு நூல்கூட வேண்டாம். நோட்டை நிறுத்தி அட்டையைப் போர்த்தி, முதுகை முதலில் தேய்த்து, பிறகு பக்கங்களைத் தேய்த்து, முதல் ஏட்டுக்கும் அட்டைக்கும் நடுவே பால் கவர் செருகி மறுபடி குழவிக்குக் கீழே ஒரு இரவு.

வெறும் வெள்ளை அட்டை பிடிக்காவிட்டால் பழைய மாதக் காலண்டர் தாளை மேலே ஒட்டலாம், ஒட்டுவதற்கு முன் அதன் இழையையும் பாருங்கள். என் நோட்டுகளில் பாதிக்கு மேல் போன வருட முருகர்தான் முகப்பு. கெட்டி அட்டைப் பித்து பிடித்துத் தினசரி காலண்டர் அட்டையை நேராக முதுகில் ஒட்டிப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். அது மடங்காமல் முதல் ஏட்டைப் பிய்த்துக்கொண்டு வந்தது. கெட்டி அட்டைக்குக் கீல் தனியாகச் செய்ய வேண்டும், அது வேறு வேலை.

கடைசியாக மற்ற மூன்று பக்கமும் வெட்டு. மறுபடி அதே கட்டிங் மெஷினுக்குப் போய் "மூணு பக்கமும் லேசா அடிச்சுக் கொடுங்க" என்றால் நோட்டு கடை நோட்டு மாதிரி ஆகிவிடும். வீட்டில் கட்டரால் அட்டையின் துருத்தலை மட்டும் வெட்டிவிட்டு, ஏடுகளின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்தாலும் போதும்.

திறந்து பழக்குதல்

புது நோட்டை நடுவில் பட்டென்று பிளந்து விரிக்காதீர்கள், பசை அந்த இடத்தில் கீறிவிடும். மேசையில் முதுகை வைத்து முன்னால் பத்து ஏடு, பின்னால் பத்து ஏடு, மறுபடி முன்னால் பத்து என்று மாறி மாறி விரித்து மடிப்பை விரலால் நீவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். அப்புறம் நடு ஏடு ஒன்றைப் பிடித்து நோட்டை அப்படியே தூக்கிப் பாருங்கள், ஏ6 நோட்டின் கனத்தை ஒரே ஏடு தாங்க வேண்டும். கழன்றால் அந்த ஏடு அடுக்கும்போது உள்ளே பதுங்கியிருந்தது, இல்லையென்றால் சாய்த்தபோது பசை அதற்கு எட்டவில்லை. ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு பசை வைத்துத் திருப்பிச் செருகி அழுத்திவிடலாம், அடுத்த நோட்டில் சரியாக வரும்.

ஏ5 ஆசை இன்னும் விடவில்லையென்றால் ஏ3 தாள் வாங்கி நான்காக வெட்டுங்கள், நீளப் பக்கத்தோடு இழை ஓடும் தாளாகப் பார்த்து. கடையில் ரீமைப் பிரிப்பதற்கு முன்னாலேயே ஒரு தாளை வாங்கி வளைத்துப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.